குதிரை லாயமும் பச்சை ஆப்பிளும்

க்யூஸ் என்ற பீரை முதன்முறை கையில் எடுப்பவரின் மூக்குக்கு முதலில் எட்டுவது குதிரை லாயத்தின் வாடை. பழந்தோல், ஈர வைக்கோல், கொஞ்சம் நிலவறைப் பூஞ்சை; அதற்கெல்லாம் பின்னால் பச்சை ஆப்பிள், எலுமிச்சைத் தோல். ஒரு மடக்கு உள்ளே போனதும் தாடையின் இரு ஓரமும் கூசி எச்சில் ஊறும். இனிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கசப்பும் பெயருக்குத்தான். பீர் என்றால் பொன்னிறம், குளிர்ச்சி, லேசான கசப்பு என்று பழகிய நாக்கு, இது கெட்டுப்போன சரக்கு என்றே முதலில் முடிவுகட்டும்.

அந்த முடிவில் பாதி நியாயம் இருக்கிறது. மற்ற பீர் ஆலைகள் எந்த நுண்ணுயிர்களைக் கண்டால் பதறிப்போய்க் குழாய்களையெல்லாம் கழற்றிக் கழுவுமோ, அவையேதான் இந்தப் பீரைச் செய்கின்றன.

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸும், அதன் தென்மேற்கே கிடக்கும் பயோட்டன்லாந்து கிராமங்களும், நடுவே ஓடும் சென் ஆற்றின் பள்ளத்தாக்கும் இதன் தாய்மண். அடிப்படைப் பானத்துக்கு லாம்பிக் என்று பெயர். வெவ்வேறு வயதுள்ள லாம்பிக்குகளைக் கலந்து, பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்க விட்டால் க்யூஸ். புளிப்புச் செர்ரியை ஊறப்போட்டால் கிரீக். பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் பகுதியில் 1900இல் பால் கான்டியோன் தொடங்கிய ஆலை இன்றும் அவர் வழிவந்த குடும்பத்தின் கையில், பெரும்பாலும் பழைய கருவிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. 1978 முதல் அது அருங்காட்சியகமும்கூட. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் கிளாஸில் ஊற்றியும் தருவார்கள். முகம் சுளிப்பவர்களும் உண்டு, இன்னொரு கிளாஸ் கேட்பவர்களும் உண்டு.

செய்முறையைக் கேட்டால் வேண்டுமென்றே எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்வதுபோல் இருக்கும். தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு, முளைகட்டாத பச்சைக் கோதுமை; மீதி முளைகட்டிய பார்லி. ஈஸ்ட் எளிதில் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய மிஞ்சும்படி, கலங்கலாகவே சாறு எடுப்பார்கள். ஹாப்ஸ் பூ புதிதாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று வருடம் கிடந்து, கசப்பு மங்கி, பாலாடைக்கட்டி வாடை ஏறியதாக இருக்க வேண்டும். சில பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும் சக்திதான் அதனிடம் எதிர்பார்க்கப்படுகிறது. மணிக்கணக்கில் கொதித்த சாறு, கூரைக்கு அடியில் இருக்கும் ஆழமில்லாத அகன்ற செப்புத் தொட்டிக்கு ஏறும். கான்டியோனின் தொட்டி 7,500 லிட்டர் பிடிக்கும். குளிர்கால இரவு முழுக்க அது திறந்தே கிடக்கும். காலையில் ஆறிய சாற்றைப் பீப்பாய்களில் நிரப்புவார்கள். ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. சில நாளில் பீப்பாயின் வாய் வழியே நுரை தானாகப் பொங்கி வழியும்.

சென் பள்ளத்தாக்கின் காற்றில் மிதக்கும் காட்டு ஈஸ்ட்கள் அந்த இரவில் தொட்டிக்குள் இறங்குகின்றன, ஆகவே இந்தப் பீரை வேறெங்கும் செய்ய முடியாது என்பது ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விளக்கம். அழகான விளக்கம்தான். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதற்கு நாக்கும் சில தடயங்களைத் தருகிறது.

நுண்ணுயிரியலின் வரலாற்றில் பீருக்குத் தனி நாற்காலியே உண்டு. லூயி பாஸ்டர் 1876இல் பீரின் 'நோய்கள்' பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புளிப்பும் கொழகொழப்பும் வேண்டாத பாக்டீரியாக்களின் வேலை என்று அதில் காட்டினார். 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒற்றை உயிரணுவிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதன்பிறகு உலகம் முழுக்கப் பீர் ஆலைகள் ஒரே ஒரு ஈஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற உயிர்களை வெளியே தள்ளின. வேடிக்கை என்னவென்றால், அதே கார்ல்ஸ்பெர்க்கில் வேலைபார்த்த நீல்ஸ் ஹெல்தெ கிளாசன் 1904இல் ஆங்கிலேயர்களின் பழைய பீர்களை ஆராய்ந்து, அவற்றின் தனி மணத்துக்கு மெதுவாக வளரும் இன்னொரு ஈஸ்ட்தான் காரணம் என்று அறிவித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பிரெட்டானோமைசிஸ். இங்கிலாந்து அந்த ஈஸ்ட்டைப் படிப்படியாகக் கைவிட்டது. பிரஸ்ஸல்ஸ்காரர்கள் அதன் பெயர் தெரியாமலேயே அதோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பீப்பாய்க்குள் உண்மையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை 1970களில் லூவன் பல்கலைக்கழகத்தில் ஹூபர்ட் வெராக்டெர்ட்டின் குழு முறைப்படி எண்ணிப் பார்த்தது. முதல் மாதம் குடல்வாழ் பாக்டீரியாக்களின் உறவினர்கள் ஆடித் தீர்க்கின்றன. அப்போது சுவைத்தால் வேகவைத்த காய்கறியும் சாக்கடையும் கலந்தாற்போல் இருக்கும். அடுத்து, சாதாரண பீர் ஈஸ்ட் வந்து எளிய சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது. மூன்று நான்கு மாதம் கழித்துப் பெடியோகாக்கஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா தலையெடுத்துப் புளிப்பை ஏற்றுகிறது. எட்டு மாதம் வாக்கில் பிரெட்டானோமைசிஸ் பொறுப்பை ஏற்கிறது. அதற்கு அவசரமே கிடையாது. இட்லி மாவு ஓர் இரவில் புளிப்பதும் லாக்டிக் பாக்டீரியாவால்தான். அங்கே ஆறேழு மணி நேரத்தில் முடிகிற காரியம், இங்கே பனிக்காலமும் கோடையும் மாறிமாறி வர, ஓராண்டுக்கும் மேல் இழுக்கிறது.

இதில் பெடியோகாக்கஸின் கட்டம் அருவருப்பானது. முதல் கோடை வெப்பத்தில் அது சர்க்கரைகளைக் கோத்து நீண்ட இழைகளாக வெளிவிடும். பீர் எண்ணெய்போல் தடித்து, ஊற்றினால் நூலாக இறங்கும். பாஸ்டர் கண்டால் நோய் என்றிருப்பார். பீப்பாய்க்காரர்களும் அதை நோய் என்றே சொல்கிறார்கள், ஆனால் மருந்து கொடுப்பதில்லை. பின்னால் வரும் பிரெட்டானோமைசிஸ் அந்த இழைகளை அறுத்துத் தின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பாக்டீரியா விட்டுப்போன வெண்ணெய் வாடையையும் அதுவே துடைக்கும். சாதாரண ஈஸ்ட்டால் தொட முடியாமல் விட்ட நீண்ட சர்க்கரைகளையும் அது இரண்டு மூன்று வருடத்தில் மென்று முடிக்கிறது. க்யூஸில் இனிப்பின் சுவடுகூட இல்லாததற்குக் காரணம் அதுதான்.

சரி, இவர்களெல்லாம் எங்கிருந்து வந்தார்கள்? 2012இல் நிக்கலஸ் போக்குலிச்சும் சகாக்களும் அமெரிக்காவில் இதே முறையில் செய்யப்படும் பீரை ஆராய்ந்தார்கள். சென் ஆறு அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஆனாலும் அங்கே ஏறத்தாழ இதே வரிசையில் உயிர்கள் மாறிமாறி வந்தன. ஆலையின் உள்ளேயே குடியிருக்கும் உயிர்க்கூட்டமே இதற்குப் பொறுப்பு என்றார்கள். 2019இல் பிரஸ்ஸல்ஸின் ஃப்ரெய்யே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லாம்பிக் பீப்பாய்களின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். கழுவித் துப்புரவாக்கிய பிறகும் மரத்தின் துளைகளுக்குள் பெடியோகாக்கஸும் பிரெட்டானோமைசிஸும் உட்கார்ந்திருந்தன. சில பிரெட்டானோமைசிஸ் வகைகள் மரத்திலிருந்து கிடைக்கும் செல்லோபயோஸ் என்ற சர்க்கரையைக்கூடத் தின்று உயிர்வாழக்கூடியவை. பீப்பாய் காலியாக இருக்கும் மாதங்களிலும் அவற்றுக்குப் பட்டினி இல்லை.

ஆற்றங்கரைக் காற்றின் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. திறந்த தொட்டியிலும் கூரையிலும் காற்றிலும் முதல் விருந்தாளிகள் கிடைக்கிறார்கள். ஆனால் கிளாஸில் நாம் அடையாளம் காணும் புளிப்புக்கும் லாய வாடைக்கும் காரணமானவர்களை மரத்தில்தான் முதலில் தேட வேண்டும். அப்படியென்றால் குளிர்கால இரவு எதற்கு என்று கேட்கலாம். சாறு மெதுவாக ஆறினால் வேண்டாத பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகிவிடும். ஓர் இரவுக்குள் ஆறிவிட வேண்டும். அதனால்தான் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மட்டுமே காய்ச்சுகிறார்கள். 2015 நவம்பரில் இரவுகள் விடாமல் வெதுவெதுப்பாக இருந்ததால் கான்டியோன் காய்ச்சுவதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. பருவநிலை மாற்றத்தின் கணக்கைப் பீப்பாய்க்காரர்கள் எந்த அறிக்கையையும் படிக்காமலே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

இனி கிளாஸுக்கு வருவோம்.

குதிரை லாயத்துக்குப் பொறுப்பு 4-எத்தில்ஃபீனால் என்ற மூலக்கூறு. பார்லி, கோதுமை உமியில் இருக்கும் அமிலங்களைப் பிரெட்டானோமைசிஸ் இரண்டு படிகளில் மாற்றி இதைச் செய்கிறது. இதன் தம்பி 4-எத்தில்குவையகால், கிராம்பும் புகையுமாக மணக்கும். திராட்சை மதுக்காரர்கள் இவற்றை முகர்ந்தால் பீப்பாயையே தூக்கி எறிவார்கள். லாம்பிக்கில் அதே மூலக்கூறு அளவோடு இருந்தால் பெருமை. பழைய ஹாப்ஸின் பாலாடைக்கட்டி வாடைக்குக் காரணமான ஐசோவலெரிக் அமிலத்துக்கு நேர்வதுதான் இன்னும் ருசிகரம். பிரெட்டானோமைசிஸ் அந்த அமிலத்தை ஆல்கஹாலோடு இணைத்து எஸ்டர் ஆக்கும்போது, வியர்வைச் சட்டை நாற்றம் பழ வாசனையாகிவிடுகிறது. மூன்று வருடப் பீப்பாயில் ஆப்பிளும் அன்னாசியும் மணப்பதற்குப் பழம் எதுவும் தேவைப்படவில்லை.

முகர்ந்தபோது லாயமாக இருந்தது வாயில் போனதும் பழமாக மாறிவிட்டதே என்று பலர் வியப்பார்கள். பீர் மாறவில்லை. விழுங்கும்போது ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூளை அதை வாசனையாக அல்லாமல் ருசியாகக் கணக்கில் எழுதுகிறது. ஒரே வாசனையை முன்வழியாக முகரும்போதும் வாய்வழியாக உணரும்போதும் மனிதர்கள் வேறுவேறாக அடையாளம் காண்கிறார்கள் என்பதை உளவியலாளர் பால் ரோசின் 1982இல் எழுதினார். போதாக்குறைக்கு, நாக்கில் ஏறும் புளிப்பு, பழத்தை நினைவூட்டும் வாசனைகளைத் தூக்கிக் காட்டுகிறது.

அந்தப் புளிப்பை நாக்கு எப்படி அறிகிறது என்பது வியப்பூட்டும் அளவுக்குச் சமீபத்திய செய்தி. இனிப்பு, கசப்பு, உமாமி ஆகியவற்றின் ஏற்பிகள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிடிபட்டுவிட்டன. புளிப்பு மட்டும் கைக்கு அகப்படவில்லை. 2018இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் எமிலி லிமனின் குழு ஓட்டாப்1 என்ற புரதம் ஹைட்ரஜன் அயனிகளை மட்டும் உள்ளேவிடும் வாசல் என்று காட்டியது. அந்தப் புரதம் இல்லாத எலிகளுக்குப் புளிப்பை அறியும் நரம்புச் செய்தி பெரிதும் மங்கிவிடுகிறது என்று அடுத்த ஆண்டே உறுதியானது. இதே ஓட்டாப்1 அதற்கு முன்பே வேறொரு துறையில் பேர்பெற்றது: காதுக்குள் உடல் சமநிலையைக் காக்கும் சுண்ணாம்புத் துகள்கள் உருவாக அது வேண்டும், அது பழுதான எலிகள் தலையைச் சாய்த்துக்கொண்டு நடக்கும். புளிப்பைத் தேடியவர்களுக்கு விடை காதில் கிடந்திருக்கிறது.

சாதாரண லாகர் பீரின் பி.எச். அளவு 4க்கும் 4.5க்கும் இடையில். க்யூஸ் 3.5க்குக் கீழேயும் இறங்கும். ஆனால் பி.எச். எண் மட்டும் புளிப்பைச் சொல்லிவிடாது. ஒரே பி.எச்.சில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிட லாக்டிக், அசிட்டிக் அமிலங்கள் அதிகம் புளிக்கும். இவை முழுதாகப் பிரியாத மூலக்கூறாகவே சுவையணுவின் சுவரை ஊடுருவி உள்ளே போய்ப் பிரிகின்றன; உள்ளே அமிலம் கூடினால் பொட்டாசியம் வாசல் ஒன்று அடைபட்டு, அணு மேலும் உசுப்பப்படுகிறது. தயிர்ப் பக்கத்து லாக்டிக் அமிலத்துக்கு வாசனை கிடையாது, அதன் புளிப்பு உருண்டையாக நாக்கில் நிற்கும். அசிட்டிக் அமிலம் மூக்கையும் தொண்டையையும் சேர்த்துக் குத்தும். பயிற்சியுள்ளவர் ஒரு மடக்கிலேயே இரண்டையும் பிரித்துவிடுவார்.

இரண்டின் விகிதத்தைத் தீர்மானிப்பது மரம் உள்ளேவிடும் ஆக்சிஜன். அசிட்டிக் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும்; பெடியோகாக்கஸுக்கு வேண்டாம். பீரின் மேற்பரப்பில் படரும் ஈஸ்ட் ஆடை காற்றை மறிக்கிறது. அதைக் கலைக்காமல் விடுவது பீப்பாய்க்காரரின் முதல் கடமை. பழ ஈக்கள் அசிட்டிக் பாக்டீரியாவைச் சுமந்து வரும் என்பதால், கான்டியோனில் பீப்பாய் அறையின் சிலந்தி வலைகளை யாரும் துடைப்பதில்லை. ஃபிளாண்டர்ஸின் ரூஸெலாரே ஊரில் 1821இல் தொடங்கிய ரோடன்பாக் ஆலை வேறு வழியில் போகிறது. ஆள் உயரத்தைவிடப் பன்மடங்கு பெரிய 294 ஓக் மரத்தொட்டிகளில் அது செம்பழுப்புப் பீரை இரண்டு வருடம் போட்டுவைக்கிறது. தொட்டி பெரிதாகப் பெரிதாக ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் மரப்பரப்பும் காற்றும் குறையும். ஆனாலும் அங்கே அசிட்டிக் சாயலை விரும்பியே அனுமதிக்கிறார்கள். பிறகு இளம்பீரைக் கலந்து அதைத் தணிக்கிறார்கள். சாதாரண ரோடன்பாக்கில் நாலில் ஒரு பங்குதான் பழையது. அதே ஆலையின் கிராண்ட் க்ரூ என்ற பீரில் மூன்றில் இரண்டு பங்கு.

நுரையும் புளிப்போடு சேர்ந்த சங்கதி. புளிப்பை அறியும் அதே அணுக்களின் மேல் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 4 என்ற நொதி இருக்கிறது. அது கரியமில வாயுவை அமிலமாக்கி அணுவுக்கு ஊட்டுகிறது என்று 2009இல் கண்டார்கள். மலையேறிகளுக்கு இது அனுபவபூர்வமாக முன்பே தெரியும். உயரநோய்க்கு அசெட்டசோலமைடு மாத்திரை போட்டுக்கொண்டவர்களுக்குப் பீர் சப்பென்று இருக்கும். அந்த மாத்திரை அடக்குவது இந்த நொதிக் குடும்பத்தைத்தான். கடைசியில் வாய் வறண்டு இழுப்பதற்கு அமிலமும், மரத்திலிருந்து கொஞ்சம் கசிந்த டானினும் காரணம். எச்சிலின் வழுவழுப்பான புரதங்களை டானின் பிடித்துத் திரட்டிவிடுகிறது. அறுசுவையில் ஒன்றாக எண்ணப்படும் துவர்ப்பை உடலியலாளர்கள் பெரும்பாலும் தொடுவுணர்வின் கணக்கில் வைக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே பாட்டிலுக்குள் சேர்ப்பவர் கலப்பவர். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பீப்பாய்களில் ஒரே நாள் ஊற்றிய ஒரே சாறு மூன்று வருடத்தில் இரண்டு வேறு பானங்களாகியிருக்கும். மரம் அப்படி. ஒன்றில் எலுமிச்சை, இன்னொன்றில் காடி. கலப்பவர் ஒவ்வொன்றையும் சுவைத்து, எதை எதோடு சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முடிவெடுக்கிறார். மூன்று வயதுப் பீப்பாய் மணத்தைத் தரும். ஒரு வயது லாம்பிக்கில் மிஞ்சியிருக்கும் சர்க்கரைதான் பாட்டிலுக்குள் நொதித்து நுரையைத் தரும். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் 'ஔட க்யூஸ்' என்ற பெயருக்குப் பாதுகாப்பு வழங்கியபோது இந்தக் கலப்பு வழக்கமே சட்டமாயிற்று.

அந்த நுரை சாதுவானதல்ல. 2009 மே மாதம் பீர்செல் ஊரில் டிரி ஃபொன்டேனென் கிடங்கின் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகிச் சூடு மளமளவென ஏறியது. ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வெடித்தன. வெடிக்காமல் தப்பியவையும் சூட்டில் கெட்டன. ஆலையை நடத்திய ஆர்மான் டெபெல்டர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் இழந்தார். கெட்ட பீரைக் கொட்டிவிடாமல் காய்ச்சி வடித்து மதுவாக்கி, தன் பெயரிலேயே விற்று ஆலையை நிமிர்த்தினார்.

கலப்பவரை அதிகம் ஏமாற்றும் குறை ஒன்று உண்டு. பாட்டிலில் அடைத்த சில வாரங்களில், முகர்ந்தால் குற்றமில்லாத, குடித்தாலும் குற்றமில்லாத பீர், விழுங்கி அரை நிமிடம் கழித்து நாக்கின் அடியில் எலிக்கூண்டு வாடையை விட்டுப்போகும். டெட்ராஹைட்ரோபிரிடின் என்ற மூலக்கூறுகள் செய்யும் வேலை இது. லாக்டிக் பாக்டீரியாவும் பிரெட்டானோமைசிஸும் அவற்றை உண்டாக்குகின்றன; பாட்டிலில் அடைக்கும்போது புகும் ஆக்சிஜன் தூண்டிவிடுகிறது. பீரின் அமிலத்தில் இவை மின்னேற்றத்தோடு கரைந்தே கிடக்கும், ஆவியாகாது. எச்சில் கலந்து அமிலம் தணிந்த பிறகே விடுபட்டு மூக்குக்கு ஏறும். எச்சிலின் தன்மை ஆளுக்கு ஆள் மாறுவதும் சேர்ந்து, ஒரே மேசையில் ஒருவர் முகம் சுளிக்க, பக்கத்தில் இருப்பவர் நன்றாகத்தானே இருக்கிறது என்பார். இதற்கு மது சுவைப்பவர்கள் பழைய உத்தி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டைப் புறங்கையில் தேய்த்து முகர்வார்கள். தோலிலும் அமிலம் குறைவு என்பதால் வாடை அங்கேயே கிளம்பிவிடும். ஒரு சிட்டிகை சமையல் சோடாவைக் கிளாஸில் போட்டாலும் போதும். எலி வந்துவிட்டால் பாட்டில்களை மறுபடி கிடையாகப் படுக்கவைத்துவிட வேண்டியதுதான். உள்ளே இருக்கும் பிரெட்டானோமைசிஸ் அதையும் கவனித்துக்கொள்ளும். பெரும்பாலும் சில மாதங்களில் வாடை மங்கிவிடும். அதுவரை அந்தக் கலவையை யாருக்கும் விற்பதில்லை.